சரசு என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்

1

அக்கா பேச்சை இழந்து ஒரு வருடம் நிறைந்த அதே வாரத்தில்தான் ஜெர்மானியக் குடியுரிமைக்கான நேர்காணலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அந்த அழைப்புக்காக ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தேன். மழை பெய்த ஒரு திங்கட்கிழமை காலை. பிறப்புச் சான்றிதழிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரைக்கும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு, நகர அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் எண்கள் மாறும் பலகை. அதற்குக் கீழே கைபேசியின் படம், குறுக்கே சிவப்புக் கோடு.

எனக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் இருக்கும்போது மாமா கூப்பிட்டார்.

மாமா என்றால் அக்காவின் கணவர், பழனிச்சாமி. மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீளமேட்டில், கல்லூரிகளுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் அவர்கள் வீடு. என்னைப் பெயர் சொல்லி அவர் அழைத்ததே இல்லை, எப்போதும் அம்மணிதான். காரணமில்லாமல் போன் செய்கிறவரும் இல்லை. இங்கே காலை என்றால் அங்கே மத்தியானம். அக்காவின் பயிற்சி நேரம். திரையில் அவர் பெயர். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எடுத்தேன்.

“அக்காளுக்கு என்னங்க மாமா?”

“அக்கா நல்லாத்தானுங்க இருக்குது. இந்தக் கம்ப்யூட்டர்லதானுங்க என்னமோ ஆகுது. படமெல்லாம் ஒண்ணொண்ணாக் காணாமப் போயிட்டே இருக்குதுங்க.”

“எந்தப் படம்?”

“அக்கா படந்தானுங்க அம்மணி. சரசுன்னு ஒரு ஃபோல்டர் இருக்குதில்லீங்க, அதுக்குள்ளார. நான் பாக்கப் பாக்கவே போகுதுங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சிவப்புக் கோட்டுப் படத்தை விரலால் காட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறைக்கு வெளியே இருந்த நடைக்கு ஓடினேன்.

2

அக்கா பெயர் சரஸ்வதி. தெருவுக்கே சரசக்கா. வீட்டின் முன்னறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் இட்லி ஊற்றத் தொடங்கும்போது தொடங்குகிற குரல், கடைசிப் பையன் தோசை தின்றுவிட்டுப் போகிறவரைக்கும் ஓயாது. “ஏங்கண்ணு, ரெண்டே இட்லியத் தின்னுபோட்டுப் போனா பரீச்சைல தூக்கந்தான் வரும், உக்காரு” என்பாள், யார் எவர் என்று தெரியாத பிள்ளைகளிடமும். ஜெர்மனியில் எனக்கு இருந்த தனிமைக்கு மருந்தும் அந்தக் குரல்தான். வாரம் தவறாமல் குரல் செய்தி வரும். பாதி ஊர்க்கதை, மீதி எனக்குத் திட்டு.

போன வருடம் குளிக்கப் போனவள் குளியலறையிலேயே விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். செயலிழந்த வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது. சொல்ல வேண்டியதும் அவள் மனதில் இருக்கிறது. வாய்க்கு வரும்போது மட்டும் எல்லாம் “தா” என்று ஆகிவிடுகிறது. தண்ணீர் கேட்டாலும் தா, கோபம் வந்தாலும் தா. கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மெஸ்ஸை மூடிவிட்டார்கள்.

விடுப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் ஜெசிந்தா என்ற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“அவங்க பேசற வீடியோ உங்ககிட்ட இருக்குதுங்களா? வாய் நல்லாத் தெரியோணும். நீளமா வேண்டாங்க. வீட்ல தினமும் பேசற ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. அவங்க வாயை அவங்களே பாத்துப் பாத்து சொல்லிப் பழகறதுக்குங்க. எல்லாத்துக்கும் இது பலிக்கும்னு சொல்ல முடியாதுங்க. ஆனா பண்ணிப் பாக்கலாம்.”

இருந்தது. வேண்டிய அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போனபோதும் நான் எடுத்தவை, மாமா எடுத்து அனுப்பியவை, குரல் செய்திகள் எல்லாமே. கிணத்துக்கடவில் மாமாவின் தோப்பில் இளநீர் வெட்டுகிறவரிடம் “இதென்னங்க, உள்ளார தண்ணியவே காணோம்” என்று அவள் மல்லுக்கு நிற்பது. போத்தனூர் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது. எல்லாம் என்னுடைய மேக் கணினியில் கிடந்தன.

மாமா வீட்டில் இருப்பது விண்டோஸ். என் மகள் இனியாவின் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். மூன்றும் மூன்று விதம். நான் அனுப்பிய வீடியோ மாமாவின் திரையில் கறுப்பாக நிற்கும், சத்தம் மட்டும் வரும். அவர் அனுப்பியது எனக்குத் திறக்காது. கடைசியில் இனியாதான் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள். ஒரே ஃபோல்டர், மூன்று கணினியிலும். ஒன்றில் ஒரு படத்தைப் போட்டால் மற்ற இரண்டிலும் தானாகவே வந்துவிடும். எந்தக் கணினி என்ற கவலையே வேண்டாம். மாமாவை போனில் வைத்துக்கொண்டு “பெரியப்பா, இப்ப அந்தப் பச்சைய அமுத்துங்க” என்று அவள் சொல்லிக்கொடுத்ததை நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றில் அழித்தால் மற்ற இரண்டிலும் தானாகவே அழிந்துவிடும் என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அடுத்த முறை போனபோது எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து மாமாவின் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். கணினி ஏதாவது கேட்டால் பயந்துபோய் என்னைக் கூப்பிடுவார். அதனால் “எது கேட்டாலும் ஓகேன்னு அமுத்திருங்க மாமா” என்றும் சொல்லியிருந்தேன்.

3

நடையில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, “குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம் இருக்குமே, அதைத் திறந்து பாருங்க” என்றேன்.

“பாத்தனுங்க. ஒண்ணுமில்லீங்க, காலியா இருக்குது.”

“யாராவது எதையாவது அழிச்சீங்களா?”

“ஊட்ல நானும் உங்க அக்காளுந்தானுங்க. நான் எதையும் தொடலீங்க. மத்தியானப் பயிற்சிக்கு போட்டு உடலாம்னு இப்பத்தான் ஆன் பண்ணினேன். ஆன் பண்ணதுமே போக ஆரம்பிச்சிருச்சுங்க.”

மாமா இல்லை. நானும் இல்லை. மூவரில் மீதி இனியா ஒருத்திதான். அந்த நினைப்பு வந்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அப்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

“மாமா, முதல்ல நெட்டை நிறுத்துங்க. வெள்ளைப் பெட்டி ஒண்ணு மினுக் மினுக்னு எரியுமே, அதோட சுவிட்சை நிறுத்துங்க.”

“நிறுத்தறனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க வெச்சுட்டுப் போன டிஸ்க்கை எடுத்து மாட்டியிருக்கறனுங்க. அதுல எல்லாம் இருக்கும்ல? இது என்னமோ இங்கிலீசுல கேக்குது.” எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. “இந்த டிஸ்க்கை உபயோகிக்கோணும்னா ஃபார்மட் பண்ணோணுமாம். பண்ணலாமான்னு கேக்குதுங்க.”

அந்த டிஸ்க்கை நான் என் மேக்கில் தயார் செய்திருந்தேன். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை வெறும் டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு, துடைத்துச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்கிறது.

“வேண்டாங்க மாமா! அதை அமுத்தாதீங்க!”

நான் கத்தியதும், “இந்த சுவிட்சுத்தானுங்களா?” என்று அவர் கேட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒரு கிளிக். அதோடு அழைப்பு செத்துப்போனது.

அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்ததே அந்த வெள்ளைப் பெட்டி வழியாகத்தான். நானே அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இணையம் இல்லாமல் அவருடைய எண்ணுக்கே நேராக அடித்தேன். மணி அடிக்கவே இல்லை. மறுபடியும் அடித்தேன். உங்கள் இணைப்பில் வெளிநாட்டு அழைப்புக்கு வசதி இல்லை என்று ஜெர்மன் மொழியில் ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா, விழவில்லையா? அவர் விரல் அப்போது எந்தப் பொத்தான் மேல் இருந்தது?

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பலகையில் எண் மாறியிருந்தது.

4

வீட்டில் என்னுடைய மேக் எப்போதும் இணையத்தில்தான் இருக்கும். பீளமேட்டில் போனது அங்கேயும் போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. மிச்சமிருப்பது இனியாவின் மடிக்கணினி ஒன்றுதான். அது மூடிக் கிடக்கிற வரைக்கும் அதற்குள் இருப்பது பத்திரம். திறந்து, இணையம் கிடைத்துவிட்டால், என் மேக் “இதெல்லாம் அழிந்துவிட்டது” என்று அதனிடம் சொல்லும். அதுவும் கீழ்ப்படியும்.

இனியா அப்போது லைப்சிக் போகும் ரயிலில் இருந்தாள். அங்கேதான் படிக்கிறாள். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தவள் அன்று காலை என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போயிருந்தாள். முந்தின நாள் எங்களுக்குள் சண்டை.

சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வந்த இரண்டு நாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணினி முன்னால் குனிந்தே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் ஜெர்மன் மொழியில் “பிறகு” என்பாள். சிநேகிதர்கள் அவளை “இனா” என்று கூப்பிடுகிறார்கள். அறைக் கதவில் அவளே அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. நான் பொறுமையிழந்துவிட்டேன். “பெரியம்மா அங்க பேச முடியாமக் கிடக்குது. வந்ததிலிருந்து பெரியம்மாவப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா நீ?” என்றேன். கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் அழைத்தால் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தும் அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். பிறகு செய்தி எழுதினேன். தமிழில் எழுதினால் அவளுக்குப் படிக்க வராது என்பதால் ஜெர்மனில்.

இத்தனை வருடம் இங்கே ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தில் இருப்பதையெல்லாம் ஜெர்மனில் சொல்வேன். ஆனால் பதற்றம் வந்தால் அந்த மொழி என்னைக் கைவிட்டுவிடும். ஒரு கருவியைப் போடுவதற்கு “அன்மாக்கன்”, அணைப்பதற்கு “அவுஸ்மாக்கன்”. முன்னொட்டு ஒன்றுதான் வித்தியாசம். மடிக்கணினியைப் போடாதே, என்ன ஆனாலும் போடாதே, மிக அவசரம் என்று எழுதி அனுப்பினேன். அவள் அதைப் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறியும் விழுந்தது. மூச்சு விட்டேன்.

அனுப்பியதை மறுபடி ஒரு முறை படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மடிக்கணினியை அணைக்காதே, என்ன ஆனாலும் அணைக்காதே என்று எழுதியிருக்கிறேன்.

அவள் என்ன செய்வாள்? பையைத் திறந்து, கணினி அணைந்திருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்ப்பாள். அதைத்தான் எந்தப் பிள்ளையும் செய்யும்.

திருத்தி எழுதினேன். போகவில்லை. ஒற்றைக் குறியோடு நின்றது. தமிழிலேயே குரல் செய்தி அனுப்பினேன்: “கண்ணு, லேப்டாப்பைத் தொறக்காத. மூடியே வெய்யி. பெரியம்மா படம் எல்லாம் போயிரும்.” அதுவும் ஒற்றைக் குறி. அந்தத் தடத்தில் ரயில் காட்டுக்குள் நுழைந்தால் நீண்ட தூரத்துக்குச் சிக்னல் கிடைக்காது. அது நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குப் புரியவில்லை. என் செய்தி அவளுக்குப் போகாது. அதே காரணத்தால் அழிவும் அவளுக்குப் போகாது. இரண்டில் எது முதலில் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. ஜன்னல் விளிம்பில் போனை வைத்து, அந்த ஒற்றைக் குறியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த அலுவலர் ஒருவர் வெளியே வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, என் பெயரை நான்கு துண்டாக உடைத்துக் கூப்பிட்டார். “ஃப்ராவ் கோ-கிலா-மா-ணி?”

அதே நொடியில் போன் அடித்தது. இனியா.

இடது கையைத் தூக்கி அலுவலரிடம் ஒரு நிமிடம் என்று காட்டிவிட்டு எடுத்தேன். அவர் அங்கேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

“அம்மா, என்ன அது? அணைக்காதன்னு எழுதியிருக்க. நான் எடுத்துப் பாத்தேன், தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்பிட்டேன்.”

“எழுப்பிட்டியா! நெட் வந்துருச்சா?”

“ட்ரெயின்ல வைஃபை வருது, போகுது. இப்ப தேடிட்டு இருக்கு. ஏன்?”

“மூடு! மூடு கண்ணு, மூடிரு!”

“ஏம்மா கத்தற?”

“பெரியம்மா படமெல்லாம் போயிருச்சு. பெரியப்பா கம்ப்யூட்டர்ல இல்ல, என்னோடதுல இல்ல. உன்கிட்ட மட்டுந்தான் இருக்குது. நெட்டு வந்தா அதும் போயிரும்!”

தண்டவாளச் சத்தம். யாரோ ஜெர்மனில் டிக்கெட் கேட்கும் குரல். பிறகு சத்தம் துண்டு துண்டாகி நின்றே போனது. “இனியா? இனியா?” என்று கூப்பிட்டேன். அலுவலர் இன்னொரு முறை என் பெயரைச் சொன்னார். அவரைப் பார்த்து மன்னியுங்கள் என்றேன். போனை மட்டும் இறக்கவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எழுந்து உள்ளே போனாள். அலுவலர்மீது குறை சொல்ல முடியாது. அவர் இரண்டு முறை கூப்பிட்டார், இரண்டு முறையும் நான் போகவில்லை.

கதவு சாத்திய பிறகுதான் இனியாவின் குரல் திரும்பி வந்தது. மெதுவாகப் பேசினாள்.

“வைஃபையை நிறுத்திட்டேன். எல்லாத்தையும் நிறுத்திட்டேன்.”

“இருக்குதா?”

“இரு, பாக்கறேன்.” விசைகள் தட்டும் சத்தம். “இருக்கு. ஆனா அம்மா...”

“என்ன ஆனா?”

“இது நான் பண்ணதுதான்னு நினைக்கறேன். பழைய சரசு ஃபோல்டரை நேத்து நான்தான் அழிச்சேன். எல்லாத்தையும் புது ஃபோல்டருக்கு மாத்திட்டுத்தான் அழிச்சேன். அது எப்படி அங்க...” அவளுக்குக் குரல் உடைந்தது. “நான் வீட்டுக்கு வரேன். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கறேன்.”

திட்டுவதற்காகத் திரட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. “பைய வா” என்றேன்.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, மழையில் பேருந்துக்கு நிற்கும்போது மாமா கூப்பிட்டார். மேல் வீட்டு மாணவன் ஒருவனின் போனிலிருந்து.

“டிஸ்க்கு என்னங்க ஆச்சு?”

“ஓகே அமுத்திப் போட்டனுங்க அம்மணி. எது கேட்டாலும் அமுத்தச் சொன்னீங்கன்னு... நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க, அதுக்குள்ள கட்டாயிருச்சு. இப்பத் தொறந்தா உள்ளார ஒண்ணுமே இல்லீங்க. தப்புப் பண்ணிப் போட்டனுங்களா?”

“இல்லீங்க மாமா,” என்றேன். “இனியாகிட்ட எல்லாம் இருக்குதுங்க. நீங்க போய் அக்காகூட உக்காருங்க.”

“உங்க அக்கா பாத்துட்டே இருந்துச்சுங்க. படம் போகப் போக விரலை நீட்டி நீட்டிக் காட்டுச்சு. அதுக்குத் தெரிஞ்சிருச்சு போல.”

போனை வைத்த பிறகு பேருந்து நிறுத்தத்தில் எனக்கு அழுகை வந்தது.

6

இனியா வந்து சேர்ந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இணையத்தின் வயரை நானே சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். முதலில் எல்லாவற்றையும் புது டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தாள். நகல் முடிகிற வரைக்கும் இருவரும் அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். முடிந்த பிறகுதான் நடந்ததை விளக்கினாள்.

நான் வைத்திருந்த ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் தொடங்கும் சரசு என்று பெயர். அவள் புதிதாக ஒன்றை உண்டாக்கி, எல்லாம் சின்ன எழுத்தாக சரசு என்று பெயர் வைத்திருக்கிறாள். அவளுடைய லினக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு ஃபோல்டர்கள். என் மேக்குக்கும் மாமாவின் விண்டோஸுக்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது, இரண்டும் ஒன்றேதான். அதனால் அவள் பழைய சரசுவை அழித்தபோது, மற்ற இரண்டு கணினிகளும் இருந்த ஒரே சரசுவை அழித்துவிட்டன. என்னுடையதில் ஞாயிற்றுக்கிழமையே போயிருக்கிறது. அழித்த கையோடு அவள் கணினியை மூடிவிட்டதால் அதன் எதிரொலி மட்டும் அவளுக்குத் திரும்பி வரவில்லை. மாமா திங்கட்கிழமை கணினியைப் போட்டதும் அங்கேயும் தொடங்கிவிட்டது.

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தேகமே தோன்றியிருக்காது. அவளுக்கோ அவை இரண்டும் ஒன்றாகும் என்றே தோன்றியிருக்காது.

“அது சரி, புதுசா ஒண்ணு எதுக்குப் பண்ணின?” என்று கேட்டேன்.

அந்தச் சின்ன எழுத்து சரசுவைத் திறந்து காட்டினாள்.

நான் எடுத்த நீள நீளமான வீடியோக்களையெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் அக்கா ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள், அல்லது இரண்டு. தண்ணி. வா கண்ணு. போதும். உக்காருங்க. நாளைக்கு. பக்கத்திலிருப்பவர்களை ஓரம் தள்ளி, அக்காவின் முகம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கியிருந்தாள். ஆங்கில எழுத்தில், தன் காதுக்குக் கேட்டபடி பெயர் எழுதியிருந்தாள். சாப்பாடு, வீடு, கோபம் என்று தனித்தனியாகப் பிரித்தும் வைத்திருந்தாள். கடைசியில் ஒரு பிரிவுக்கு “தெரியாது” என்று பெயர். அதற்குள்ளும் நிறைய இருந்தன.

“ஜெசிந்தா அக்கா அப்படித்தானே கேட்டாங்க,” என்றாள். “நீ டியூட்டி முடிஞ்சு வந்தா தூங்கிடற. பெரியப்பா ஒவ்வொரு தடவையும் முழு வீடியோவப் போட்டு, தேடித் தேடி நிறுத்தறார். அதான் செஞ்சேன். முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்.” என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “கேட்டியா கேட்டியான்னு திட்டின. ரெண்டு நாளா பெரியம்மாவத்தான்மா கேட்டுட்டு இருந்தேன்.”

நான் அவள் ஈரக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன்.

பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு “தெரியாது” பிரிவைத் திறந்தோம். முதல் துண்டில் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு “பொடக்காலி” என்கிறாள். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடம் என்றேன். அடுத்ததில் “அக்கட்டால போ” என்கிறாள். அந்தப் பக்கம் போ என்றேன். இனியா ஒவ்வொன்றையும் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பெயரை மாற்றினாள். அக்கா சொல்வதுபோலவே இழுத்துச் சொன்னாள்.

7

குடியுரிமை நேர்காணலுக்கு மறுபடியும் விண்ணப்பித்தேன். சில மாதம் கழித்து வேறொரு தேதி வந்தது. வேறு ஊரில் வேலை பார்க்கும் என் கணவரும் சிநேகிதிகளும், ஒரு வீடியோவுக்காக யாராவது அதை விடுவார்களா என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்லப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

மாமா அந்த டிஸ்க்கை காந்திபுரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தார். பாதி மீண்டது, பெயர் எதுவும் இல்லாமல். இப்போது மூன்று விதக் கணினியும் படிக்கும்படியாக இனியா புது டிஸ்க்குகள் தயார் செய்திருக்கிறாள். அவற்றில் ஒன்று எதோடும் இணையாமல் அலமாரியில் தனியாக இருக்கும். பெயர் எல்லாம் சின்ன எழுத்து, அது எங்கள் மூவருக்கும் சட்டம்.

அந்த டிஸ்க்கைக் கொடுப்பதற்காகவே விடுமுறையில் கோவைக்குப் போனோம். இனியாவும் வந்தாள், நான் கேட்காமலே.

அக்கா இளைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் இனியாவின் கன்னத்தை இடது கையால் வழித்து, “தா” என்றாள். மாமா சொன்னார், ஜெசிந்தாவின் பயிற்சியில் இப்போது “போ”வும் “ம்ம்”மும் வருகின்றன, ஒரு தடவை “தண்ணி” வந்தது, அப்புறம் வரவில்லை. சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார மறுத்துவிடுகிறாளாம். “அது பேசாம இருக்கறதையாச்சும் தாங்கிக்கலாமுங்க அம்மணி. பேச வந்து முடியாமப் போறப்ப அது மூஞ்சியப் பாக்க முடியறதில்லீங்க” என்றார்.

தினமும் காலையில் இனியாதான் அக்காவைக் கணினி முன்னால் உட்கார வைத்தாள். ஒரு துண்டைப் போடுவாள், நிறுத்துவாள், தானும் சொல்வாள், அக்காவின் வாயைப் பார்த்துக் காத்திருப்பாள். அக்கா உதட்டைக் குவிப்பாள். காற்று மட்டும் வரும். இனியா மறுபடி போடுவாள். நான் கதவோரம் நிற்பேன், உள்ளே போக மாட்டேன். அக்கா கழுத்து நரம்பு புடைக்க முயல்வதைப் பார்க்கும்போது எனக்கு என் பல்லே கிட்டிக்கொள்ளும்.

நாங்கள் கிளம்ப வேண்டிய வாரம். மாமா பொடக்காலியில் குழாயைத் திறந்துவிட்டு வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார். இனியா ஒரு துண்டைப் போட்டாள். பழைய மெஸ் அறை, ஆவி பறக்கிற டபரா செட், அக்கா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறாள்: “ஏனுங்க...”

கரண்ட் போய்விட்டது. திரை கறுத்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. இனியா ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே வயரைப் பார்க்கக் குனிந்தாள்.

“கா...ப்பி,” என்றது ஒரு குரல். கரகரவென்று, ஆனால் நல்ல சத்தமாக. “காப்பி ஆறுது.”

“வாரேன், வாரேன்,” என்று பொடக்காலியிலிருந்து மாமா பதில் கொடுத்தார், முப்பது வருடமாகக் கொடுத்துவந்த அதே வேகத்தில்.

பிறகு குழாய் சத்தம் நின்றது.

மேசைக்குக் கீழே குனிந்திருந்த இனியா அப்படியே இருந்தாள். நானும் நின்ற இடத்தில் நின்றேன். மாமா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார். ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

“ஆறுது,” என்றாள் அக்கா மறுபடியும், கொஞ்சம் கோபமாக.